வங்கி பிடித்த பணம்

2023-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் தேதி, அண்ணாவின் பிறந்த நாளன்று, அவர் பிறந்த காஞ்சிபுரத்திலேயே கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கி வைத்தார். ஏறக்குறைய ஒரு கோடியே 6 லட்சம் குடும்பத் தலைவிகளுக்கு மாதந்தோறும் 1,000 ரூபாய், இடையில் எவருடைய கையும் படாமல், அவரவர் வங்கிக் கணக்கில் நேராகச் சேர வேண்டும் என்பது அத்திட்டத்தின் அமைப்பு. பணம் சேர்ந்தது; சேர்ந்துவிட்டதாகக் கைப்பேசியில் செய்தியும் வந்தது. ஆனால் அச்செய்தியை நம்பிப் பணம் எடுக்கச் சென்ற பெண்களில் சிலருக்கு, வந்த தொகை முழுமையாகக் கைக்குக் கிட்டவில்லை. குறைந்தபட்ச இருப்பு வைக்கவில்லை என்று என்றோ விதித்து, வசூலிக்க வழியின்றி வங்கி எழுதி வைத்திருந்த அபராதம், பணம் வந்ததும் அதிலிருந்து கழிக்கப்பட்டிருந்தது.

செய்தி பரவியதும் அரசு சும்மா இருக்கவில்லை. உதவித் தொகையை வங்கிகள் தம்முடைய சேவைக் கட்டணத்துக்கோ பழைய கடன் பாக்கிக்கோ ஈடாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று வங்கியாளர்களிடம் முன்பே அறிவுறுத்தியிருந்தும் சில வங்கிகள் அதை மீறியிருக்கின்றன என்றும், அவ்விதம் பணத்தை இழந்தவர்கள் முதலமைச்சரின் உதவி மையத்துக்கு 1100 என்ற எண்ணில் புகார் சொல்லலாம் என்றும் நிதியமைச்சர் தங்கம் தென்னரசு அறிவித்தார். ஓர் அரசாங்கமே தலையிட்டுப் பேசியதால் அந்த ஆயிரம் ரூபாய்க்கு ஒரு பாதுகாப்பு ஏற்பட்டது. ஆனால் பூ கட்டி விற்றோ, வீட்டு வேலை செய்தோ, லேத் பட்டறையில் நின்றோ சம்பாதித்துத் தானாகவே கணக்கில் போட்டு வைக்கிற பணத்திலிருந்து இதே அபராதம் கழிக்கப்படும்போது, அதைக் கேட்பதற்கு அமைச்சர் எவரும் வரப்போவதில்லை. பணத்துக்கு உரியவரே கேட்டாக வேண்டும். எவ்விதம் கேட்பது, எதைச் சொல்லிக் கேட்பது என்பதுதான் இக்கட்டுரையின் விஷயம்.

சென்னையின் மேற்குப் புறநகரில் இந்தக் கஷ்டம் எவ்வாறு பிறக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். அம்பத்தூர் எஸ்டேட்டிலும் பட்டரைவாக்கத்திலும் திருமுல்லைவாயிலிலும் திருமழிசையிலும் உள்ள சிறு தொழிற்சாலைகளில் ஒப்பந்தத் தொழிலாளியாகச் சேருகிற ஓர் இளைஞனுக்கு, அவனுடைய கம்பெனி தனக்கு வேண்டிய வங்கியில் ஒரு சம்பளக் கணக்கைத் தொடங்கிக் கொடுக்கிறது. அதில் ஒரு ரூபாயும் வைக்காமல் இருக்கலாம், அபராதம் கிடையாது. ஓராண்டு கழித்து அவன் வேறு கம்பெனிக்குப் போகிறான்; அங்கே வேறு வங்கியில் வேறொரு கணக்கு. பழைய கணக்கில் சில மாதங்கள் தொடர்ந்து சம்பளம் விழாவிட்டால், வங்கி அதைச் சாதாரணச் சேமிப்புக் கணக்காக மாற்றிவிடுகிறது. மாறிய அன்றிலிருந்து, மாநகருக்கு உரிய குறைந்தபட்ச இருப்பு அதற்கும் பொருந்தத் தொடங்கிவிடுகிறது. அந்த இளைஞனுக்கு இது தெரியாது. தன் பெயரில் மூன்று நான்கு கணக்குகள் இருப்பதையே அவன் மறந்துபோயிருப்பான். பல மாதங்களுக்குப் பிறகு ஊரிலிருந்து அண்ணன் அந்தப் பழைய எண்ணுக்கு இரண்டாயிரம் அனுப்பி வைக்கும்போதுதான், அதில் பாதி காணாமல் போவதைக் கண்டு அவன் திடுக்கிடுகிறான்.

கிளைக்குச் சென்று கேட்டால் கிடைக்கும் பதில் எல்லாருக்கும் பழக்கமானது. “சிஸ்டம் தானா எடுத்துக்கிச்சும்மா, இங்க நாங்க ஒண்ணும் பண்ண முடியாது, ஹெட் ஆபீஸ்லதான் கேக்கணும்” என்பார் கவுன்டரில் இருப்பவர். “சரிங்க சார்” என்று சொல்லிவிட்டு வந்தவர் திரும்பிப் போய்விடுவார். அந்த ஊழியர் சொல்வது பொய்யல்ல; கட்டணத்தைக் கழிப்பது உண்மையில் இயந்திரந்தான், அவருக்கும் பின்னால் வரிசை நீண்டுகொண்டிருக்கிறது. ஆயினும் அந்த இயந்திரத்துக்குக் கட்டளை எழுதிக் கொடுத்தவர்கள் மனிதர்கள். அவர்கள் எப்படி எழுத வேண்டும் என்பதற்கு ரிசர்வ் வங்கி விதித்த வரம்புகள் இருக்கின்றன. அவ்வரம்புகளை மீறிக் கழித்த பணத்தைத் திருப்பித் தர வேண்டிய கடமையும் இருக்கிறது.

வங்கி என்பது சாமானிய ஜனங்களுக்காகவும் உள்ளது என்ற எண்ணம் இந்தப் பகுதிக்கு அந்நியமானதன்று. 1955 ஜனவரியில் தேபர் தலைமையில் காங்கிரஸ் மகாசபை ஆவடியில் கூடி, சோஷலிச மாதிரியான சமுதாயமே நாட்டின் லட்சியம் என்று தீர்மானித்தது. அதே ஆண்டு ஜூலை முதல் தேதியன்று, அதுவரை பெரிய வியாபாரிகளுக்கும் சர்க்காருக்குமே பெரும்பாலும் பயன்பட்டு வந்த இம்பீரியல் வங்கி, நாட்டு மக்களின் பொதுச் சொத்தாகி, ஸ்டேட் வங்கி என்ற பெயருடன், சிற்றூர்களிலும் ஐந்தாண்டுகளில் 400 கிளைகள் திறக்கும் பொறுப்பை ஏற்றது. 1969 ஜூலை 19-ஆம் தேதி தேசியமயமான 14 வங்கிகளில் இரண்டு, இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும், சென்னையைத் தலைமை இடமாகக் கொண்டவை. 2005-இல், இருப்பு எதுவும் வைக்க வேண்டாத எளிய கணக்குகளை ரிசர்வ் வங்கி வலியுறுத்தியபோது, புதுச்சேரியை அடுத்த மங்கலம் என்ற கிராமத்தில் எல்லா வீடுகளுக்கும் கணக்குத் தொடங்கிக் காட்டியது இந்தியன் வங்கி.

இந்த வரலாற்றுக்கு நேர் எதிரான ஓர் ஓட்டமும் உடன் நடந்து வந்திருக்கிறது. முன்பு வங்கிகள் யாவும் தமது சங்கத்தின் மூலம் ஒரே மாதிரியான கட்டணங்களை வைத்திருந்தன. 1999-இல் அந்த ஏற்பாடு கைவிடப்பட்டு, கட்டணங்களைத் தாமே நிர்ணயித்துக்கொள்ளும் சுதந்திரம் ஒவ்வொரு வங்கிக்கும் அளிக்கப்பட்டது. கட்டணம் நியாயமானதாக இருக்க வேண்டும், சேவைக்கு ஆகும் சராசரிச் செலவுக்குப் பொருத்தமில்லாமல் மிகக் கூடாது என்பது அச்சுதந்திரத்தோடு இணைந்த நிபந்தனை. அதன் பிறகு சிறு சிறு தொகைகளாகக் கழிக்கப்பட்டவை எவ்வளவு பெரிய மலையாகக் குவிந்தன என்பது 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் அரசு அளித்த பதிலால் தெரிய வந்தது. பொதுத்துறை வங்கிகளும் ஐந்து பெரிய தனியார் வங்கிகளும் 2018 முதல் குறைந்தபட்ச இருப்பு இல்லாமைக்காக மட்டும் வசூலித்தது 21,000 கோடி ரூபாய்க்கு மேல், ஏ.டி.எம்.மில் கூடுதல் தடவை பணம் எடுத்ததற்கு 8,000 கோடிக்கு மேல். குறுஞ்செய்தி அனுப்பியதற்கு 6,000 கோடிக்கு மேல். கணக்கில் பணம் வைத்திருப்பவரிடம் முதல் வகை அபராதம் ஒரு காசும் வசூலாகாது. அந்த 21,000 கோடியும் பணம் போதாதவர்களிடமிருந்து வந்தது.

இனி விதிகளுக்கு வருவோம். குறைந்தபட்ச இருப்பைப் பற்றிய முக்கியமான உத்தரவை ரிசர்வ் வங்கி 2014 நவம்பர் 20-ஆம் தேதி பிறப்பித்தது. 2015 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அது நடைமுறைக்கு வந்தது. இருப்புக் குறைந்தவுடனே அபராதம் விதிக்க அந்த உத்தரவு இடம் தரவில்லை. இருப்புக் குறைந்திருக்கிறது, இத்தனை அபராதம் விழும் என்று வாடிக்கையாளருக்குக் குறுஞ்செய்தியாகவோ மின்னஞ்சலாகவோ கடிதமாகவோ தெரிவித்து, அதைச் சரிசெய்துகொள்ள ஒரு மாதத்துக்குக் குறையாத அவகாசம் கொடுத்த பிறகே அபராதம் விதிக்கலாம். அபராதமும் எல்லாருக்கும் ஒரே தொகையாக இருக்கலாகாது. எவ்வளவு குறைந்திருக்கிறதோ அந்தக் குறைவுக்கு ஏற்ற விகிதத்தில் இருக்க வேண்டும். பத்தாயிரம் வைக்க வேண்டிய இடத்தில் 9,500 வைத்தவரும் 500 மட்டும் வைத்தவரும் ஒரே அபராதம் செலுத்தும்படி நேர்ந்தால், அது விதிக்கு முரணானது. இந்த அபராதத்தின் காரணமாகவே கணக்கின் இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே, கழித்தல் குறியோடு இறங்கவும் கூடாது.

ஓர் உதாரணம் சொன்னால் விளங்கும். சராசரியாக 10,000 ரூபாய் இருக்க வேண்டிய கணக்கில் 7,500 இருந்தது, குறைவு 2,500. வங்கியின் விகிதம் நூற்றுக்கு ஆறு என்று வைத்துக்கொண்டால் அபராதம் 150 ரூபாய், அதன்மேல் ஜி.எஸ்.டி. வரி நூற்றுக்குப் பதினெட்டு வீதம் 27 ரூபாய். ஆக மொத்தம் 177. பாஸ் புத்தகத்தில் இதைவிட அதிகமான தொகை இருந்தால் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. சராசரி என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். மாத சராசரி இருப்பு என்பது மாதத்தின் ஒவ்வொரு நாளும் கடை நேரத்தில் இருந்த இருப்புகளையெல்லாம் கூட்டி, நாட்களின் எண்ணிக்கையால் வகுத்து வருவது. ஆகையால், 30 நாள் மாதத்தில் பத்தாயிரம் சராசரி காட்டுவதற்கு, ஒரு லட்ச ரூபாய் மூன்று நாள் மட்டும் கணக்கில் தங்கினாலும் போதும். சீட்டுப் பணமோ நகைக் கடன் பணமோ அம்மாதம் இரண்டு மூன்று நாள் கணக்கில் இருந்து போயிருந்தால், மாதக் கடைசியில் இருப்பு வெறும் நூறு ரூபாயாக இருந்தாலும் அபராதத்துக்கு இடமில்லாமல் போகலாம். இந்தக் கணக்கைத் தாமே ஒரு தாளில் போட்டுப் பார்க்கிறவர்கள் மிகச் சிலர்.

நெடுநாள் வரவு செலவு இல்லாமல் முடங்கிப்போன கணக்கில் இந்த அபராதத்தை விதிக்கவே கூடாது என்றும் ரிசர்வ் வங்கி 2014 மே மாதத்திலேயே உத்தரவிட்டிருக்கிறது; அதை மீண்டும் இயங்கச் செய்வதற்கும் கட்டணம் கேட்கக் கூடாது. மறந்துபோன சம்பளக் கணக்குகளுக்கு இது நேராகப் பொருந்தும். ஆனால் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வாடிக்கையாளரின் வரவு செலவு எதுவும் இல்லாத கணக்குத்தான் முடங்கிய கணக்காகக் கருதப்படும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதற்கு முன் ஏறிய அபராதத்தை மேலே சொன்ன ஒரு மாத அறிவிப்பு விதியைக் கொண்டே எதிர்க்க வேண்டும்.

ஏ.டி.எம். விஷயத்துக்கும் தனி விதிகள் உண்டு. சொந்த வங்கியின் இயந்திரத்தில் மாதம் ஐந்து தடவையும், பிற வங்கிகளின் இயந்திரத்தில் சென்னை போன்ற ஆறு பெருநகரங்களில் மூன்று தடவையும் மற்ற ஊர்களில் ஐந்து தடவையும் இலவசம். அதற்கு மேல் ஒவ்வொரு தடவைக்கும் வங்கி வாங்கக்கூடிய உச்ச அளவு 2025 மே மாதத்திலிருந்து 23 ரூபாயும் வரியும். இயந்திரம் பழுதானதாலோ, அதில் பணம் இல்லாததாலோ, இரகசிய எண் தவறியதாலோ முடியாமல் போன முயற்சிகளை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது என்று 2019 ஆகஸ்டில் தெளிவாகச் சொல்லப்பட்டிருக்கிறது. தீபாவளிக்கு முதல் நாள் இரவில் மூன்று இயந்திரங்களில் பணமில்லாமல் நான்காவதில் எடுத்தவருக்கு அது ஒரே ஒரு தடவைதான். பணம் வராமலேயே கணக்கில் கழிந்துவிட்டால், அடுத்த ஐந்து நாட்களுக்குள் வங்கி அதைத் திருப்பி வரவு வைக்க வேண்டும். தாமதமானால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் நஷ்ட ஈடு, வாடிக்கையாளர் கேட்காமலேயே, வங்கி தர வேண்டும். 2019 அக்டோபர் முதல் அமலில் உள்ள விதி இது. முதலைத் திருப்பி வாங்கியதோடு திருப்தியடைந்து, நஷ்ட ஈட்டை மறந்துவிடுகிறவர்களே அதிகம்.

குறுஞ்செய்திக் கட்டணம் உண்மையில் அனுப்பிய செய்திகளின் எண்ணிக்கையைப் பொறுத்தே இருக்க வேண்டும் என்று 2013-லேயே அறிவுறுத்தப்பட்டிருக்கிறது. பாஸ் புத்தகத்தில் ஆண்டுக்கு ஒருமுறை வரும் 436 ரூபாயும் 20 ரூபாயும் வங்கிக் கட்டணங்கள் அல்ல. அவை பிரதம மந்திரியின் ஆயுள் காப்பீட்டுக்கும் விபத்துக் காப்பீட்டுக்கும் உரிய சந்தா. சம்மதம் கேட்காமல் சேர்க்கப்பட்டிருந்தால் எழுதிக் கொடுத்து நிறுத்தலாம். ஆனால் நிறுத்துமுன் யோசிக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். தலா இரண்டு லட்ச ரூபாய் பாதுகாப்பை அத்தனை குறைந்த செலவில் வேறெங்கும் பெற இயலாது.

அம்பத்தூர் எஸ்டேட்டின் சிறு தொழில் முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைப்பதற்கு அபராதம் வாங்கக் கூடாது என்ற விதி 2012 முதல் இருந்தும், தொழிற்கடன் வாங்கியவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லாமலிருந்தது. வட்டி குறைந்த வேறு வங்கிக்கு மாற விரும்பிய பட்டறைக்காரர், மாறுவதற்கே நூற்றுக்கு இரண்டு மூன்று என்று அழ வேண்டியிருந்தது. 2026 ஜனவரி முதல் தேதியிலிருந்து அனுமதிக்கப்படும் அல்லது புதுப்பிக்கப்படும் மாறும் வட்டிக் கடன்களில், தனிநபரின் தொழிற்கடனுக்கும் குறு சிறு தொழில்களின் கடனுக்கும் வணிக வங்கிகள் இவ்வபராதத்தை விதிக்கலாகாது. பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்கவும், இத்தனை காலம் அடைக்கக் கூடாது என்று கட்டுப்படுத்தவும் முடியாது. சிறு நிதி வங்கிகளைப் பொறுத்தவரை 50 லட்சம் வரையிலான கடனுக்கு இச்சலுகை உண்டு. கடனைப் புதுப்பிக்கும் தேதி நெருங்குகிறவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

விதிகளை இத்தனை விஸ்தாரமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இங்கிலாந்தில் 2006, 2007-ஆம் ஆண்டுகளில் லட்சக்கணக்கான வாடிக்கையாளர்கள், கணக்கில் பணம் போதாத வேளைகளில் வங்கிகள் விதித்த கட்டணங்கள் அநியாயமானவை என்று திருப்பிக் கேட்டார்கள். வழக்குக்கு அஞ்சிய வங்கிகள் பல கோடிப் பவுன்களைத் திருப்பியும் கொடுத்தன. ஆனால் விவகாரம் அந்நாட்டின் உச்ச நீதிமன்றத்தை எட்டியபோது, 2009 நவம்பர் 25-ஆம் தேதி தீர்ப்பு வங்கிகளுக்கே சாதகமாயிற்று. அக்கட்டணம் வங்கிச் சேவையின் விலையில் ஒரு பகுதியாதலால், அதன் அளவு நியாயமா என்று, வாடிக்கையாளர்கள் ஆதாரமாகக் காட்டிய சட்டத்தின்கீழ் ஆராய இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். நம் நாட்டிலும் அத்தகைய அனுபவம் உண்டு. கிரெடிட் கார்டு பாக்கிக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு முப்பதுக்கு மேல் வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் என்று 2008-இல் தேசிய நுகர்வோர் ஆணையம் தீர்ப்பளித்தது. 2024 டிசம்பர் 20-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. “இவ்வளவு வாங்குவது அநியாயம்” என்ற வாதம் மனச்சாட்சிக்கு எத்தனை சரியாகப் பட்டாலும், தனி ஒருவர் அதைச் சொல்லி வெல்வது கடினம். “இன்ன விதிப்படி எனக்கு ஒரு மாத அறிவிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை” என்ற வாதத்துக்கு வங்கி பதில் சொல்லியே ஆக வேண்டும். சாமானியரின் கையில் உள்ள பலம் அதுவே.

ஆகவே முதலில் பாஸ் புத்தகத்தைப் பதிவு செய்ய வேண்டும். கிளை வாசலில் இருக்கும் இயந்திரத்தில் புத்தகத்தை வைத்தால், தேதிகளும் ஆங்கிலச் சுருக்கங்களும் வரிசையாக அச்சாகி வரும். ‘மினிமம் பேலன்ஸ் சார்ஜ்’, ‘எஸ்.எம்.எஸ். சார்ஜ்’, ‘ஏ.டி.எம். டிக்லைன்’, ‘ரிட்டர்ன் சார்ஜ்’ என்ற பொருளுடைய வரிகளைப் பென்சிலால் கோடிட்டுக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் நேரே அது எதற்காக என்று தமக்குத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். விளங்காத வரிகளுக்கு விளக்கம் கேட்டு எழுதும் கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. “கிளை மேலாளர் அவர்களுக்கு, என் சேமிப்புக் கணக்கில் இன்ன தேதியில், இன்ன பெயரில், இத்தனை ரூபாய் கழிக்கப்பட்டிருக்கிறது. இதற்கு ஒரு மாதம் முன்னதாக எனக்கு அனுப்பிய அறிவிப்பின் நகலையும், எந்த மாதத்துச் சராசரி இருப்பைக் கொண்டு, எந்த விகிதத்தில் இத்தொகை கணக்கிடப்பட்டது என்ற விவரத்தையும் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுகிறேன். ரிசர்வ் வங்கியின் விதிக்கு ஒவ்வாததாயின், வரியுடன் சேர்த்து என் கணக்கில் திருப்பி வரவு வைக்கவும்” என்று எழுதினால் போதும். இரண்டு பிரதிகள் எடுத்துச் சென்று, ஒன்றில் கிளையின் முத்திரையையும் தேதியையும் பெற்றுக்கொள்ள வேண்டும்; முத்திரை இட மறுத்தால் விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளலாம். வங்கியின் செயலியிலோ தொலைபேசியிலோ புகார் செய்தால், அவர்கள் தரும் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். வாயால் கேட்டதற்குச் சாட்சியில்லை. தேதியிட்ட காகிதத்துக்கு உண்டு.

தொகை சிறிதாக இருந்து, கேட்பவர் எழுத்தில் கேட்டிருந்தால், பெரும்பாலான கிளைகள் இந்தக் கட்டத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடுவதுண்டு. மறுத்தாலும், பெரிய வங்கிகளில் உள்ளக ஆம்புட்ஸ்மன் என்ற ஒரு குறைதீர்க்கும் அதிகாரியின் பார்வைக்கு வைக்காமல் புகாரை நிராகரிக்கக் கூடாது என்பது விதி. 30 நாட்களுக்குள் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தி அளிக்காவிட்டாலும், ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மனிடம் முறையிடலாம். 1995-இல் ஏற்பட்ட இந்த அமைப்பு 2021 நவம்பர் 12-ஆம் தேதி நாடு முழுவதற்கும் ஒரே திட்டமாக ஆக்கப்பட்டது. கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. சிஎம்எஸ் என்ற ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் பதியலாம். இணையம் பழக்கமில்லாதவர்கள் வெள்ளைத் தாளில் தமிழிலேயே எழுதி, ரிசர்வ் வங்கி, நான்காம் தளம், செக்டார் 17, சண்டிகர் 160017 என்ற முகவரிக்கு அனுப்பலாம். எந்த மொழியில் வந்த புகாரையும் அங்கே பெற்றுக்கொள்கிறார்கள். 14448 என்ற கட்டணமில்லாத எண்ணில் விவரம் கேட்கலாம். வங்கியிடம் முதலில் எழுத்தில் கேட்டதற்கு அத்தாட்சி இல்லாவிட்டால் புகார் அந்த இடத்திலேயே நின்றுவிடும். அந்த முத்திரையிட்ட பிரதியின் அருமை அப்போதுதான் தெரியும். வங்கியின் பதில் வந்த பிறகு தாமதிக்காமல், உரிய காலக்கெடுவுக்குள் முறையிட வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

இதற்கும் மேலே போக நேர்ந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, புகார் செய்கிறவர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். ஐந்து லட்ச ரூபாய் வரையில் கட்டணம் இல்லை. காரணம் ஏற்பட்டு இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்தவை. அம்பத்தூர் வட்டம் 2018-இல் சென்னை மாவட்டத்தோடு சேர்க்கப்பட்டுவிட்டது. பழைய நினைப்பில் அம்பத்தூர்க்காரர் திருவள்ளூருக்குப் போய்ப் பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் வீணாக்கிக்கொள்ள வேண்டாம். 177 ரூபாய்க்காக ஆணையத்துக்குப் போவது உசிதமா என்று கேட்டால், பெரும்பாலும் இல்லை என்பேன். ஆம்புட்ஸ்மன் வரையில் போவது நிச்சயம் உசிதந்தான்.

அபராதம் விழுந்த பிறகு போராடுவதைவிட, விழாமலே செய்துகொள்ள ஒரு வழி உண்டு. எல்லா வங்கியிலும் அடிப்படைச் சேமிப்புக் கணக்கு என்ற ஒன்றைக் கேட்டுப் பெறலாம். 2012-இல் ரிசர்வ் வங்கி அதைக் கட்டாயமாக்கியது. அதற்குக் குறைந்தபட்ச இருப்பே கிடையாது, ஏ.டி.எம். அட்டை இலவசம், மாதத்தில் நான்கு தடவையேனும் கட்டணமின்றிப் பணம் எடுக்கலாம். ஜன்தன் கணக்குகளும் இந்த வகைதான். ஏற்கெனவே உள்ள சாதாரணக் கணக்கையும் எழுதிக் கொடுத்து இவ்விதம் மாற்றிக்கொள்ளலாம். அதே வங்கியில் வேறு சேமிப்புக் கணக்கு வைத்திருக்கக் கூடாது என்பது நிபந்தனை. தேவையில்லாத பழைய சம்பளக் கணக்குகளை மூடிவிட வேண்டும்.

குறைந்தபட்ச இருப்பு என்ற ஏற்பாடே நியாயமா என்ற கேள்விக்கு விதிப் புத்தகத்தில் விடை இல்லை. 2025 ஆகஸ்டில் ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கி, நகரங்களில் புதிதாகக் கணக்குத் தொடங்குகிறவர்கள் 50,000 ரூபாய் சராசரி வைக்க வேண்டும் என்று அறிவித்தபோது, அது வங்கிகளின் விருப்பத்துக்கு விடப்பட்ட விஷயம் என்றார் ரிசர்வ் வங்கி ஆளுநர் சஞ்சய் மல்ஹோத்ரா. ஆயினும் எதிர்ப்பு எழுந்ததும் சில நாட்களிலேயே அத்தொகை 15,000 ஆகக் குறைந்தது. 2017-இல் இந்த அபராதத்தை மீண்டும் கொண்டுவந்த ஸ்டேட் வங்கி, எட்டு மாதங்களில் வசூலித்த தொகை அதன் ஒரு காலாண்டின் நிகர லாபத்தையே மிஞ்சியதாகச் செய்தி வெளியானதும் கண்டனத்துக்கு ஆளாகி, படிப்படியாகக் குறைத்து, 2020 மார்ச்சில் அடியோடு நீக்கியது. 2025-இல் கனரா வங்கியும் இந்தியன் வங்கியும் வேறு சில பொதுத்துறை வங்கிகளும் நீக்கிவிட்டன. நீக்கிய வங்கி எதுவும் அதனால் முழுகிப் போகவில்லை. இல்லாதவரிடம் இல்லாமைக்காகவே அபராதம் வாங்குவது அதர்மம் என்பது என் திடமான எண்ணம். அதை நாடு முழுவதும், எல்லா வங்கிகளிலும், சட்டத்தாலேயே ஒழிக்க வேண்டும்.

அதுவரையில் படிக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் வேலை செய்கிற அம்மாவின், உங்கள் பட்டறையில் நிற்கிற பையனின், தெருமுனையில் பூ விற்கிறவரின் பாஸ் புத்தகத்தை ஒருநாள் வாங்கிப் பாருங்கள். காரணம் தெரியாத வரி ஒன்று இருந்தால், மேலே சொன்ன மூன்று வாக்கியங்களை அவர்களுக்காக எழுதி, கையெழுத்தோ கைரேகையோ வாங்கிக் கொடுத்து, முத்திரை பெறும் வரையில் கூடவே இருங்கள்.